கொட்டித் தீர்த்தால் தீருமா?

மார்ச் 2, மாலை (இழையைத் தொடங்கியவர்)

மனசுக்குள்ள போட்டு வச்சா நோய்தான். யார்கிட்டயாவது கொட்டித் தீத்துடணும். கோபம் வந்தா கத்திடணும், அழுகை வந்தா அழுதுடணும். ஆளே இல்லையா, தலையணையை நாலு குத்து குத்துங்க. அடக்கி வச்சா என்னிக்காவது ஒருநாள் வெடிக்கும். இதுக்கு மாற்றுக் கருத்து உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?

மார்ச் 2, இரவு

நான் இருக்கிறேன்.

ஆனால் பாதிக்கு மட்டும். யாரிடமாவது பேச வேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. தலையணைக் குத்தில்தான் வழக்கு. அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இது. 600 கல்லூரி மாணவர்களை ஆளுக்கொரு கட்டுரை எழுத வைத்தார். அதைப் படித்த இன்னொரு மாணவர் கன்னாபின்னாவென்று மட்டம் தட்டிக் குறிப்பு எழுதியதாக அவர்களிடமே காட்டினார். எல்லோருக்கும் சுர்ரென்று ஏறியது. பிறகு மூன்றாகப் பிரித்தார். ஒரு குழு, மட்டம் தட்டியவரை மனதில் நிறுத்திக்கொண்டு குத்துப்பையைக் குத்த வேண்டும். இரண்டாவது குழுவும் குத்த வேண்டும், ஆனால் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துக்கொண்டு. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில், திட்டியவர் காதுக்குள் இரைச்சலைப் பாய்ச்ச ஒரு வாய்ப்பு. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது அவரவர் இஷ்டம்.

ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. இரைச்சலை அதிகம் பாய்ச்சியதும் அவர்களே. பழிவாங்கும் வேகம் குறைவாக இருந்தது யாரிடம் என்றால், சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம்.

சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல செய்தி உளவியலில் வந்ததில்லை.

மார்ச் 3, காலை

"ஒரே ஒரு ஆய்வை வச்சு ஊரைக் கூட்டாதீங்க" என்று ஒருவர். நியாயம்.

1959-லேயே ஒன்று உண்டு. ஹார்ன்பெர்கர் என்பவர் ஆட்களை அவமானப்படுத்திவிட்டு, பாதிப் பேரைப் பத்து நிமிடம் ஆணி அடிக்க விட்டார். மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். பிறகு அவமானப்படுத்தியவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லச் சொன்னபோது, ஆணி அடித்தவர்கள்தான் கடுமையாகப் பேசினார்கள். நடுவில் இதே ரகத்தில் நிறைய வந்தன. 2024-இல் புஷ்மனும் இன்னொருவரும் சேர்ந்து 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். உடம்பின் பரபரப்பைக் குறைக்கிற காரியங்கள் (மூச்சைக் கவனிப்பது, தசைகளைத் தளர்த்துவது, தியானம்) கோபத்தைக் குறைக்கின்றன. பரபரப்பை ஏற்றுகிற காரியங்கள் மொத்தத்தில் குறைப்பதில்லை. ஒற்றை ஆய்வு வாதம் இதோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் பட்டது 1999 ஆய்வு. அதுவும் புஷ்மனுடையதுதான், சக ஆய்வாளர்களோடு. "கொட்டிவிட்டால் கோபம் போய்விடும்" என்று எழுதியிருந்த ஒரு துண்டுக் கட்டுரையை முதலில் படிக்கக் கொடுத்தார்கள். அதைப் படித்தவர்கள் குத்துப்பையை விரும்பித் தேடினார்கள். குத்திய பிறகும் ஆவேசம் அடங்கவில்லை, கூடியிருந்தது. ஆக, இந்த நம்பிக்கையைப் பரப்புவதே ஒரு வேலை செய்கிறது. இழையைத் தொடங்கியவர் கவனிக்கவும்.

மார்ச் 3, மதியம்

"குத்தினா நல்லாத்தானே இருக்கு?"

இருக்கும். நல்லா இருப்பதும் கோபம் குறைவதும் ஒன்றல்ல. சொறிந்தாலும்தான் நல்லா இருக்கும்.

மார்ச் 3, இரவு

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு படம் இருக்கிறது: மனசு ஒரு மூடிய கொதிகலன், உணர்ச்சி அதற்குள் சேரும் ஆவி, வால்வைத் திறந்தால் ஆவி போய்விடும். நீராவி எந்திரக் காலத்துப் படம். 1895-இல் புரோயர், பிராய்டு என்ற வியன்னா மருத்துவர்கள் இருவரும் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய புத்தகத்திலிருந்துதான் இது நவீன மருத்துவத்துக்குள் நுழைந்தது. அதில் வரும் முதல் நோயாளி 'அன்னா ஓ'. பேசிப் பேசியே தன் அறிகுறிகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாள் என்று புரோயர் எழுதினார். 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்ததே அந்தப் பெண்தான். புகைக்கூண்டைச் சுத்தம் செய்கிற மாதிரி என்றும் வேடிக்கையாகச் சொன்னாள்.

அவளுடைய நிஜப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட அதே 1882-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். புத்தகத்தில் அந்தப் பகுதி இல்லை. பல வருடம் கழித்து மீண்டு வந்து பெரிய சமூக சேவகரானார். 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கென்று ஓர் அமைப்பே தொடங்கினார். அவரைத் தூக்கி நிறுத்தியது பேச்சா, வேலையா, காலமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'கொட்டினாள், குணமானாள்' என்ற ஒற்றை வரிக் கதைக்கு அவர் வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை.

கொதிகலன் படத்தில் இருக்கும் கோளாறு இதுதான். ஆவிக்கு அளவு உண்டு, வெளியே போனால் குறையும். கோபத்துக்கு அப்படி ஒரு அளவு கிடையாது. நினைக்க நினைக்கப் புதிதாகவே உற்பத்தியாகும். கத்தும்போது இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், தோள் இறுகும். இதெல்லாம் கோபம் வெளியேறுவதன் அடையாளம் இல்லை, கோபமேதான். டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதை இன்னும் நுட்பமாகக் காட்டினார். எதனாலோ ஏறிய பரபரப்பு இறங்க நேரமாகும். அதற்குள் வேறொரு விஷயம் எதிரே வந்தால் மிச்சப் பரபரப்பு அதன் தலையில் விழும். வண்டி நெரிசலில் மாட்டி வந்தவர் வீட்டில் செருப்பு இடம் மாறிக் கிடந்ததற்குக் கத்துவது இப்படித்தான்.

மார்ச் 5

குத்துப்பையை விடுவோம். நிஜ வாழ்க்கையில் யாரும் குத்துப்பையைத் தேடிப் போவதில்லை, போனைத்தான் எடுக்கிறோம்.

எனக்கு ஒரு தோழி. அலுவலகத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்று இரவு போன். மறுநாளும் போன். அடுத்தடுத்த வாரங்களிலும். கதை அதேதான், ஆனால் வளர்ந்துகொண்டே போனது. முதலில் அவர் 'சொன்னார்'. பிறகு 'சொன்னான்'. அப்புறம், நாற்காலியைக்கூடத் திருப்பாமல் சொன்னான் என்பது சேர்ந்தது. கொஞ்ச நாளில் அந்த நாற்காலிதான் கதைக்கே நடுநாயகம். 'நாற்காலியைத் திருப்பலை, தெரியுமா?' அவர் குரலில் பேசிக் காட்டுவாள். தடவைக்குத் தடவை அந்தக் குரல் தடித்தது, இழுவை கூடியது. அந்த இடம் வரும்போது அவள் மூச்சு வேகமாவது எனக்குப் போனிலேயே கேட்கும். முடிக்கும்போது, 'உன்கிட்ட சொன்னப்புறம்தான் நிம்மதி' என்பாள். மறுநாள் காலையில் அதே கொதிப்பு.

நான் செய்தது, ஒரு நல்ல நண்பர் செய்யக்கூடியது எல்லாம்தான். 'என்ன திமிர்', 'உன்னைப் போய் அப்படிச் சொல்லலாமா', 'ஆள் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்'. வஞ்சகமில்லாத ஆதரவு.

ஒருநாள் எனக்குத் தூக்கக் கலக்கம். வழக்கமான பதில் வாயில் வரவில்லை. 'அந்த வார்த்தையில உனக்கு எது குத்துச்சு?' என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'அந்த வேலையை நான் நிஜமாவே சரியா செய்யலையோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதை அவன் எல்லார் முன்னாலயும் போட்டு உடைச்சுட்டான்' என்றாள். அன்றைக்கு வேறு பேச்சு பேசினோம். அந்த வேலையில் எது கைக்கு வரவில்லை, யாரிடம் கேட்கலாம் என்று. அதற்குப் பிறகு கதையில் நாற்காலி வரவில்லை.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. தூக்கக் கலக்கத்தின் புண்ணியம்.

மார்ச் 6

மேலே எழுதியதற்கு ஆய்வுப் பின்னணி கேட்டிருக்கிறார்கள்.

பெர்னார் ரிமே என்ற பெல்ஜிய உளவியலாளர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். உணர்ச்சியைக் கிளறிய எந்தச் சம்பவத்தையும் மனிதர்கள் யாரிடமாவது சொல்லாமல் இருப்பது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். ஆனால் சொன்னதாலேயே அந்த உணர்ச்சியின் வீச்சு குறைகிறதா என்று அளந்தால், குறைவதாகத் தெரியவில்லை. சொன்னவர்களோ 'பேசினது ரொம்ப உதவியா இருந்துச்சு' என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆறுதல் கிடைக்கிறது, நெருக்கம் கூடுகிறது, தனிமை குறைகிறது. சம்பவத்தின் கூர் மட்டும் மழுங்கவில்லை.

2012-இல் அவரும் நில்ஸ் என்ற சக ஆய்வாளரும் செய்த சோதனையில், மனதை உலுக்கும் படத்துண்டு ஒன்றைக் காட்டிவிட்டு, பார்த்தவர்களை நண்பர் ஒருவரிடம் பேச வைத்தார்கள். அந்த நண்பருக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள். சில நண்பர்கள் 'அய்யோ, பாவம் நீ' ரகம். சிலர், சம்பவத்தை வேறு கோணத்தில் பார்க்க வைக்கும் ரகம். முதல் ரகத்திடம் பேசியவர்களுக்கு மனதுக்கு இதமாக இருந்தது, ஆனால் படத்தின் பாதிப்பு அப்படியே நின்றது. பாதிப்பு குறைந்தது இரண்டாவது ரகத்தில்தான்.

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கவனித்தது: இரண்டு பேர் சேர்ந்து ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி அரைத்த மாவையே அரைத்தால் நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுகின்றன. பெண் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் கூடுதல். அதனால்தான் இதை விடுவது கஷ்டம். கெடுதல் செய்வதும் நட்பை வளர்ப்பதும் ஒரே பேச்சு.

மார்ச் 6, சற்றுப் பிறகு

"அப்போ யார் புலம்பினாலும் உடனே 'கோணத்தை மாத்திப் பாரு'ன்னு சொல்லணுமா?"

தயவுசெய்து வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்திலேயே கோணத்தை மாற்றச் சொல்கிற ஆள் எனக்கும் உண்டு. அவர் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். முதலில் முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டதை எதிராளி உணர்ந்த பிறகுதான் கேள்விக்கு இடமே வரும். வரிசை மாறினால் அது அறிவுரை.

மார்ச் 9

இழையைத் தொடங்கியவர் இரண்டு நாளாகக் கேட்கிறார்: "அப்போ அடக்கி வச்சா சரியா? நேரா சொல்லுங்க."

இல்லை. அங்கேயும் ஆப்பு இருக்கிறது.

டேனியல் வெக்னர் 1987-இல் செய்த வெள்ளைக் கரடிச் சோதனை. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்த கட்டம்: 'இப்போ நினைச்சுக்கலாம்' என்று அனுமதி கொடுத்ததும், ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் கரடியை அதிகம் நினைத்தார்கள். ஒன்றை நினைக்காமல் இருக்க, அதை நினைக்கிறோமா என்று மனசு காவல் காக்க வேண்டியிருக்கிறது. காவல்காரனே திருடனைக் கூட்டி வருகிறான்.

ஆக, குத்துவது ஒருபக்கம், அமுக்குவது இன்னொருபக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: இரண்டிலும் நாம் அந்தச் சம்பவத்துக்குள்ளேயே நிற்கிறோம். சூசன் நோலன்-ஹோக்செமா இதைத் தற்செயலாகக் கிடைத்த ஒரு வாய்ப்பில் பிடித்தார். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும், வருத்தம் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் அவர் அளந்து வைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, கலிபோர்னியாவின் அந்தப் பகுதியை உலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. வருத்தத்தையே உருப்போட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்கள், நிலநடுக்கத்துக்குப் பிந்தைய நாட்களிலும் வாரங்களிலும் மற்றவர்களைவிட அதிகம் சோர்ந்திருந்தார்கள். முன்பே சோர்வாக இருந்ததைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான்.

நடைமுறையில் எனக்கு வேலை செய்வது ஒத்திப்போடுவது. 1983-இல் போர்க்கோவெக்கும் சகாக்களும் கவலைப்படுகிறவர்களுக்குக் கொடுத்த பயிற்சி: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் கவலைப்பட மட்டும் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'சாயங்காலம் வா' என்று அனுப்பிவிடுங்கள். அமுக்குவதில்லை, தேதி கொடுக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் உட்கார்ந்தால் பாதிக் கவலைகள் வருவதே இல்லை. வந்தவையும் அரைமணிக்குப் போதாது. மிச்ச நேரம் கொட்டாவி.

மார்ச் 10

கவலைக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கொடுக்கலாம். டோக்கன் வாங்கினதுமே பாதி எழுந்து போய்விடும்.

மார்ச் 14

எழுதுவது பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். இன்னொரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு கேட்டால் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. 'எழுதினேன், லேசாயிட்டேன்' என்பது அன்றைக்கே கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

பிறகு நூற்றுக்கும் மேல் ஆய்வுகள் வந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. செலவில்லாத காரியத்துக்குச் சிறிய பலன் மோசமில்லை. இதைச் சர்வரோக நிவாரணி மாதிரி விற்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை.

அதைவிட எனக்குப் பிடித்தது, எழுதியவர்களின் எழுத்தையே பென்னிபேக்கர் கணினியில் போட்டு அலசியது. யாருக்குப் பலன் கிடைத்தது என்று பார்த்தால், நாளாக ஆக 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' மாதிரிச் சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்கு. முதல் நாள் துண்டு துண்டாக இருந்தது கடைசி நாளில் ஒரு கதையாகக் கோத்து நின்றது. நாலு நாளும் ஒரே வசவை எழுதியவர்களுக்குக் கைவலிதான்.

என் பழைய நோட்டு ஒன்றைப் போன வாரம் புரட்டினேன். ஒரு உறவினர் மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதியது. பக்கம் பக்கமாக ஆச்சரியக்குறிகள். சில இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஒரு 'ஏன்' கூடக் கிடையாது. கடைசிப் பக்கங்களில் எழுத்து சின்னதாகி, 'அவருக்கு அன்னிக்கு வேற என்ன வழி இருந்திருக்கும்' என்று ஒரு வரி. அதோடு நோட்டு நின்றுபோயிருக்கிறது, மீதி வெற்றுத்தாள். மன்னித்தேனா என்றால் இல்லை, இன்றும் இல்லை. எழுத மட்டும் ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது.

மார்ச் 15

அழுகை. இழையின் முதல் பதிவிலேயே இருந்தது, யாரும் தொடவில்லை.

மக்களிடம் கேட்டால் பெரும்பாலோர் 'அழுதா நல்லாயிருக்கும்' என்பார்கள். 2008-இல் அழுத சம்பவங்கள் 3,000-க்கும் மேல் திரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மனம் தெளிந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு எந்த மாற்றமும் இல்லை. பத்தில் ஒருவருக்கு முன்னைவிட மோசம். பக்கத்தில் ஆறுதலாக யாராவது இருந்தால் தேறுவது அதிகம்.

ஆய்வகத்தில் சோகப்படம் போட்டு அழ வைத்தால், அழுத உடனே மனநிலை இன்னும் கீழேதான் போகிறது. 2015-இல் ஒரு குழு அதோடு நிறுத்தாமல் காத்திருந்து அளந்தது. 20 நிமிடத்தில் மனநிலை பழைய இடத்துக்கு வந்தது. 90 நிமிடத்தில் படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட மேலே போயிருந்தது. அழாதவர்களிடம் இந்த ஏற்றம் இல்லை. ஆகவே அழுது முடித்ததும் 'எங்கே, ஒண்ணும் ஆறலையே' என்று கண்ணாடியில் பார்க்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் பொறுங்கள்.

மார்ச் 21

ஒருவர் எழுதியிருக்கிறார்: விபத்தில் தப்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆளாளுக்கு 'என்ன நடந்துச்சு, முழுசா சொல்லிடு, சொன்னாத்தான் போகும்' என்று உட்கார வைத்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல அவருக்கு ராத்திரித் தூக்கம் போனது.

இது வீட்டாரின் அறியாமை மட்டுமில்லை, நிபுணர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், பயங்கரத்தைச் சந்தித்தவர்களைச் சில நாட்களுக்குள் உட்கார வைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் படிப்படியாகச் சொல்ல வைக்கும் முறையை வகுத்தார். தீயணைப்பு, காவல், மீட்புப் பணி ஆட்களுக்காக ஆரம்பித்தது உலகம் முழுக்கப் பரவியது. பிறகுதான் சோதித்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படி ஒருமுறை பேச்சு, மற்றவர்களுக்கு இல்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்த முடிவு 2000-இல் வந்தது. பேச வைக்கப்பட்டவர்கள் நிலைமைதான் மோசம். அதிலும் ஆரம்பத்தில் அதிகம் கலங்கியிருந்தவர்கள், பேச வைத்ததால் தேறாமலேயே இருந்தார்கள். பேச்சு இல்லாதவர்களில் அதே அளவு கலங்கியிருந்தவர்கள் தேறிவிட்டார்கள். 2002-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வும், அந்த ஒற்றை அமர்வைக் கட்டாயமாக்குவதை நிறுத்தச் சொன்னது.

காரணம் கொஞ்சம் யோசித்தால் பிடிபடும். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காட்சியை மறுபடி ஓட்ட வைக்கிறார்கள். தானாக ஆறுவதற்கு விடுகிற அவகாசத்தில் கை வைக்கிறார்கள்.

2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதற்கு நேர் எதிர். பார், கேள், இணை என்று மூன்றே சொல். ஆபத்து இருக்கிறதா பார். என்ன வேண்டும் என்று கேள், அவராகப் பேசினால் காது கொடு, தோண்டாதே. வேண்டியவர்களோடும் வேண்டியதோடும் இணைத்துவிடு. ஒரு போர்வை, குடிக்கத் தண்ணீர், வீட்டுக்கு ஒரு போன்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகும் ஒரு ஆய்வு இருக்கிறது. நடந்ததைப் பற்றி எழுத அழைத்தபோது எழுதாமல் விட்டவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எழுதியவர்களைவிட அவர்களுக்குத் தொந்தரவு குறைவாகவே இருந்தது. வாய் திறக்காதவர்களெல்லாம் உள்ளே வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வது நம்முடைய ஊகம்தான்.

விபத்து நண்பருக்கு: 'இப்போ பேச விருப்பம் இல்லை' என்பது முழுமையான வாக்கியம். ஆனால் மாதம் தாண்டியும் தூக்கம் வராமல், விபத்து கண்முன் வந்துகொண்டே இருந்து, அந்தச் சாலைப் பக்கமே போக முடியாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கேயும் நடந்ததைப் பேச வைப்பார்கள், ஆனால் அது வேறு பேச்சு. பல அமர்வுகளாக, உங்கள் வேகத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து. அதற்குப் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரமும் உண்டு.

மார்ச் 22

ராத்திரி படுத்த பிறகு ஒரு உறுத்தல், அதனால் காலையிலேயே இது.

நான் எழுதியதை எடுத்துக்கொண்டு, 'பாத்தியா, ஆராய்ச்சியே சொல்லுது, பேசாதே, மறந்துடு' என்று யாரையாவது வாயடைக்க ஆட்கள் கிளம்புவார்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். 'வெளியே சொல்லாதே' என்பதைத்தான் அவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வு கிடைத்தால் விடுவார்களா?

ஒருவர் உங்களை அடிக்கிறார், சீண்டுகிறார், மிரட்டுகிறார் என்றால் அதை இன்னொருவரிடம் சொல்வது கொட்டுதல் ஆகாது. அது புகார், உதவிக்கான அழைப்பு. புஷ்மனின் குத்துப்பைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேசாமல் இருக்கலாம் என்ற தேர்வு, பேச முடிந்தவருக்குத்தான் தேர்வு.

இன்னொன்று. பேச்சுக்கு நடுவில் ஒருவர் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மேலே எழுதிய தத்துவம் எல்லாவற்றையும் ஓரம் வையுங்கள். நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2005-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ கலக்கமோ கூடவில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உதவி எண்ணையோ மருத்துவரையோ நீங்களே கூட்டிச் சேருங்கள். அன்றைக்குக் கோணத்தை மாற்றும் வேலை வேண்டாம்.

மார்ச் 23

கேட்கிறவர் பக்கமும் ஒருவர் நினைவூட்டினார். சரிதான், என் தோழி கதையில் என் தூக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இப்போது நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். போனை எடுத்ததும் அவள் 'கேட்டா போதும்' அல்லது 'வழி சொல்லு' என்று ஒன்றைச் சொல்லிவிடுவாள். நான் 'இன்னிக்கு முடியாது' என்றும் சொல்லலாம். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது, ஏதோ கவுண்டரில் படிவம் நிரப்புகிற மாதிரி. இப்போது பழகிவிட்டது. அதில் ஒரு வசதி: 'கேட்டா போதும்' என்று ஆரம்பித்தவளே பாதியில் 'சரி, வழி சொல்லு' என்று மாறுவாள். அந்த மாறும் இடம்தான் முக்கியமான இடம் என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 4

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார். தலையணையை விட்டுவிட்டாராம். பதிலுக்குக் கோபம் வந்தால் ஓடுகிறாராம். "ஓடி முடிச்சதும் ஆள் மேல இன்னும் கடுப்பா இருக்கு, ஏன்?"

ஏனென்றால் ஓடும்போது கூடவே அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். 2024 தொகுப்பில் மெதுவோட்டம் தனியாகவே மாட்டியது: கோபத்தைக் குறைக்காதது மட்டுமில்லை, கூட்டியிருந்தது. பந்து விளையாட்டுகளில் கோபம் குறைந்திருந்தது. பந்து வரும்போது பந்தைத்தான் பார்த்தாக வேண்டும், மேலதிகாரிக்கு அங்கே இடமில்லை, ஒருவேளை அதனால் இருக்கலாம். இதயத்துக்காக ஓடுவதை நிறுத்தாதீர்கள், அது வேறு கணக்கு. கடுப்பு இருக்கிற அன்றைக்கு மட்டும் ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் மல்லாந்து படுத்து மூச்சை எண்ணிப் பாருங்கள். தூங்கிப்போனாலும் பரவாயில்லை.